கொட்டிக் கலந்த மாத்திரைகள்

எங்கள் கம்பெனியில் ஒரு புதுப் பொருளைச் சோதனைக்கு எடுத்தால் அதன் கழுத்தில் மஞ்சள் அட்டை கட்டுவோம். அட்டை கட்டிய பொருள் எந்த வண்டியிலும் ஏறாது. அதை அழுத்திப் பார்ப்போம், சூடாக்கிப் பார்ப்போம், உப்புத் தண்ணீர்த் தெளிப்பில் நாள்கணக்கில் வைப்போம், கடைசியில் நடுவில் அறுத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. ஆகவே, அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு தொடங்கும் இடத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை டாக்டர், "ஒரு புது மாத்திரைக்கு ஆராய்ச்சி நடக்குது, சேர்றீங்களா?" என்று கேட்டபோது என் கண்ணில் முதலில் தெரிந்தது அந்த அறுக்கும் இயந்திரம்தான்.

பிறகு ஏன் சேர்ந்தேன் என்றால், பயத்தில்தான். இரண்டு வகை மாத்திரை போட்டும் என் சர்க்கரை இறங்கவில்லை. அடுத்தது தினமும் வயிற்றில் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசிக்குப் பயந்து ஆராய்ச்சிக்குள் ஓடினேன். ஓடிய அன்றே ஊசி குத்தி எட்டுக் குழாய் ரத்தம் எடுத்தார்கள்.

அதற்கு முன் படிப்பதற்கு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருந்தார்கள். தமிழில் இருபத்தாறு பக்கம். வீட்டுக்கு எடுத்துப் போங்கள், குடும்பத்தோடு பேசுங்கள், நிதானமாக முடிவு செய்யுங்கள் என்றார்கள். என் சந்தேகம் அங்கேயே கிளம்பிவிட்டது. டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிடம் முகம் காட்டுகிற இடம் அது. அங்கே ஒருவர் என்னிடம் நிதானம் என்கிறார். போதாததற்கு நாற்காலி, சர்க்கரை போடாத டீ, இரண்டு உப்பு பிஸ்கட். கோயில் கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டுத்தான் நினைத்தேன்.

எங்கள் ஆலையில் சப்ளையர் அனுப்பும் வரைபடத்தை நான் எப்படிப் படிப்பேனோ அப்படியே அந்தக் காகிதத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன். முப்பத்தொரு கேள்விகள் வந்தன. அவற்றோடு போய் உட்கார்ந்தது ஆராய்ச்சி கோஆர்டினேட்டர் முன்னால். ஆராய்ச்சியில் சேர்பவர்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. கிருஷ்ணகிரிக்காரர், நாற்பதை நெருங்கும் வயது, எதற்கும் குரலை உயர்த்தாதவர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"பக்கம் பதினாலு மேடம். 'பங்கேற்பாளர் மரணமடைய நேரிட்டால்'னு போட்டிருக்குது."

"ஆமா சார். சட்டப்படி போடணும்."

"நேரிடுமா?"

"நீங்க ஓசூர்ல இருந்து எதுல வந்தீங்க?"

"பைக்ல."

"அந்த ஹைவேல வர்றதுக்கு எங்கயாச்சும் கையெழுத்து போட்டீங்களா சார்?"

அடுத்த கேள்விக்குத் தாவினேன். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே அளவில் அதே நிறத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு எண் இருக்கும். அவசரம் என்று வந்தால் மட்டும் டாக்டர் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே இருப்பது எது என்று திறந்து பார்க்கலாம். ஏற்கெனவே சாப்பிடுகிற பழைய சர்க்கரை மாத்திரைகளை எல்லாரும் தொடர்ந்து போட வேண்டும். இதையெல்லாம் அவர் இரண்டு தரம் சொன்னார். என் காதில் விழுந்தது ஒன்றுதான்: டாக்டருக்கே தெரியாது. எங்கள் ஆலையில் சூப்பர்வைசருக்கே தெரியாமல் ஒன்று நடக்கிறது என்றால் அது திருட்டாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடுவதை வீடியோ எடுத்தார்கள்.

"நீங்களே விரும்பித்தான் சேர்றீங்கன்னு கேமராவைப் பாத்து சொல்லுங்க சார்."

சொன்னேன். சொன்ன பிறகு, "இன்னொரு தடவ எடுக்கலாமா மேடம், மூஞ்சி சரியா வரல" என்றேன்.

"மூஞ்சியெல்லாம் பாக்க மாட்டாங்க சார்."

"யாரு பாக்க மாட்டாங்க?"

"பின்னாடி ஏதாச்சும் பிரச்சனைன்னா பாக்க வர்றவங்க."

இரண்டாம் தரம் எடுத்ததில் முகம் இன்னும் மோசமாக வந்திருக்கும்.

இந்தக் கதையில் என்னைவிட முக்கியமானவன் ஒருவன் இருக்கிறான். எங்கள் ஆலையில் உலையில் வேலை பார்க்கிறவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், போர்மேனிடம் தெலுங்கு. ராகிக் கொல்லையில் இறங்குகிற யானையை மூன்றிலும் திட்டுவான். கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பத்து வருடமாகச் சொந்தம். அவனுக்கும் சர்க்கரை. நான் சேர்ந்ததைக் கேட்டதும் அவனும் வந்தான். இருபத்தாறு பக்கத்தையும் அவனுக்குக் கன்னடத்தில் கொடுத்தார்கள். அவன் வீட்டுக்கு எடுத்துப்போய், மூன்றாம் நாள் பஸ்ஸில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீ போட்டியாண்ணா கையெழுத்து?"

"போட்டேன்."

"ஆய்த்து. நானும் போட்றேன்."

முப்பத்தொரு கேள்வி கேட்டவனை நம்பி ஒரு கேள்விகூடக் கேட்காதவன் சேர்ந்தான். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

முதல் மாதம் எனக்குப் பக்கவிளைவுகள் வந்தன. காகிதத்தின் பதினொன்றாம் பக்கத்தில் இருந்த எல்லாமே வந்தன. வாரம் ஒருமுறை கோஆர்டினேட்டர் போன் செய்து விசாரிப்பார்.

"எப்படி இருக்கீங்க சார்? இன்னிக்கி தலைவலியா?"

"ஆமா மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரம் குமட்டல் சொன்னீங்க. லிஸ்ட்ல அடுத்தது தலைவலி."

"அப்படின்னா அடுத்த வாரம்?"

"வயித்துப்போக்கு சார். வந்தா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

வந்தது. ஆனால் அன்று மத்தியானம் கேன்டீனில் போட்ட காளானையும் சந்தேகப்பட வேண்டியிருந்ததால் சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது நிஜமா வெறுமா என்ற கேள்வி என்னைத் தின்ன ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நிஜம் என்றால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். வெறும் மாத்திரை என்றால் ஏமாற்றுகிறார்களே என்ற கோபம். இரண்டையும் ஒரே நாளில், சில சமயம் ஒரே டீக்குள், அனுபவிக்க எனக்குத் தெரிந்திருந்தது. அவனிடமிருந்து ஒரு மாத்திரை வாங்கி, என்னுடையதோடு பக்கத்தில் வைத்து அளந்தேன். விட்டம், தடிமன், இரண்டையும் வெர்னியர் அளவுகோலில் பார்த்தேன். எடையைக் கம்பெனி லேபில் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது பார்த்தேன். நக்கியும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற எந்த சப்ளையரும் இரண்டு பொருளை இவ்வளவு ஒன்றுபோலச் செய்து தந்ததில்லை. அதனால் மதிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் கூடியது.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மாத்திரைய வாயில போடச் சொன்னாங்களா, அளவு எடுக்கச் சொன்னாங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இது ரெண்டுல ஒண்ணு மாவு."

"அப்படின்னா அதை நீங்க போட்டுக்குங்க. உங்களுக்கு அது போதும்."

இரண்டாம் மாத முடிவில் பரிசோதனை. அவனுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு அசையவில்லை. தீர்ப்பு எழுத எனக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. அவனிடம் இருப்பது மருந்து, என்னிடம் இருப்பது மாவு. அவன் அந்த இரண்டு மாதமாக டீயில் சர்க்கரையை விட்டிருந்ததும், ராகிக் கொல்லைக்குத் தினமும் நடந்து போய்வந்ததும், நான் காளானோடு பரோட்டாவையும் சேர்த்துக்கொண்டிருந்ததும் என் அறிக்கையில் இடம்பெறவில்லை.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்குக் கம்பெனி ஆளுக்கொரு பொட்டலம் தரும். அவசர அவசரமாகக் கட்டுவதால் ஒருவன் பொட்டலத்தில் பொரி அதிகமாக இருக்கும், இன்னொருவனுக்குப் பொட்டுக்கடலை அதிகமாக விழுந்திருக்கும். ஆகவே பஸ் கிளம்பியதும் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் இரண்டு பொட்டலத்தையும் பேப்பரில் கொட்டிக் கலந்து, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மூன்றாம் மாத டப்பாக்கள் வாங்கி வந்த மறுநாள், பஸ்ஸில் அவனிடம் சொன்னேன். "உனக்குக் கடலை வந்திருக்குது, எனக்குப் பொரி வந்திருக்குது."

அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தான். "பாவம்ணா நீ" என்றான். "மொதல்லயே சொல்லக் கூடாதா. கொட்டு."

என் மடியில் தினத்தாள். அதன் மேல் இரண்டு டப்பா மாத்திரையும். கலந்து, எண்ணி, சரிபாதியாக அதே டப்பாக்களில் போட்டு மூடினோம். அடுத்த தடவை போகும்போது மிச்ச மாத்திரைகளை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், எண்ணிக்கை குறையக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். ஆலையில் இரண்டு லாட்டை, தனித்தனியாக வந்த இரண்டு தொகுதிச் சரக்கை, கலந்துவிட்ட ஆபரேட்டரை நான் விசாரிக்கிற விதத்தில் ஒருவர் அழுதிருக்கிறார். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் பிரிவில் கிடையாது. அதெல்லாம் இரும்புக்கு என்று எண்ணிக்கொண்டேன் போலும். உண்மையில் எண்ணவே இல்லை.

பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அவன் வீட்டில் அந்த ஒரு சனிக்கிழமைதான் பெருமாளுக்கு விரதம். சாயங்காலம் படையல் போட்ட பிறகுதான் சாப்பாடு. வெறும் வயிற்றோடு முதல் ஷிப்டுக்கு வந்தவன், மாத்திரைகளை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், பழையதையும் புதியதையும். ஒன்பது மணிக்கு உலைப் பக்கம் சத்தம் கேட்டு ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்து யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவன் பர்சில் ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த அட்டை இருந்தது. கம்பெனி ஆம்புலன்ஸில் அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். வழியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை முப்பத்தெட்டு. எனக்கு நானூறு என்றால் என்ன என்று தெரியும், முப்பத்தெட்டு என்றால் என்ன என்று அந்த நர்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பதே முக்காலுக்குக் கையில் குளுக்கோஸ் ஏறியது. பத்து மணிக்கு, "அண்ணா, ஷிப்ட் யாரு பாக்கறாங்க?" என்று கேட்டான்.

அவன் மனைவி வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு. படையலுக்கு வாங்கிய துளசி அப்படியே பையில் இருந்தது. சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அவசரம் என்பதால் அவன் டப்பா எண்ணைப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டார் என்று கோஆர்டினேட்டர் முன்பே சொல்லியிருந்தார். டாக்டர் அவன் மனைவியிடம் கன்னடத்தில் நிதானமாகப் பேசினார். ஆராய்ச்சி மாத்திரையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அதனால் வந்தது அல்ல. சாப்பிடாமல் பழைய மாத்திரையைப் போட்டதால் வந்தது. இப்போது சரியாகிவிட்டது. சாப்பிட வைத்துப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

அவன் மனைவி பெரிய மூச்சு விட்டார். எனக்கு மூச்சு நின்றது.

அதனால் வந்தது அல்ல என்றால் என்ன அர்த்தம்? அவன் டப்பாவில் இருந்தது வெறும் மாத்திரை. அப்படியென்றால் நிஜ மருந்து யார் டப்பாவில் இருந்திருக்க முடியும் என்று கணக்குப் போட எனக்கு வெர்னியர் தேவைப்படவில்லை. இரண்டு மாதம் நான் மாவு என்று திட்டிக்கொண்டே விழுங்கியது மருந்து. பதினைந்து நாளாக அவன் விழுங்கியதில் பாதி, நான் அவனுக்குக் கொடுத்த மருந்து. அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. இந்தத் தடவை டாக்டருக்கே தெரியாமல் ஒன்று நடந்திருந்தது.

உள்ளே போனேன். அவன் இட்லியை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். விரதம் கெட்டுவிட்ட வருத்தம்.

"டேய், அந்த மாத்திரை விஷயத்தைச் சொல்லிடட்டுமா?"

"ஏன்ணா, அதான் சரியாப் போச்சே. சொன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. கம்பெனிக்கும் தெரிஞ்சுரும். விடுண்ணா."

"டாக்டர் தப்பா நெனச்சிட்டிருக்காரு."

"நீதான் தெனமும் சொல்லுவியே, இவங்களை நம்பக் கூடாதுன்னு. இப்ப என்னாத்துக்கு இவங்களுக்குப் பரிஞ்சுகினு வர்ற?"

அவன் அனுமதி கொடுத்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். போலீஸ், கோர்ட், தினத்தாளில் என் போட்டோ எல்லாம் வரிசையாக வந்து போயின. போட்டோவில் முகம் சரியாக வரவில்லை. ஆனால் எப்படிச் சுற்றினாலும் நினைவு அவன் ஊரில் போய் நின்றது. யானைக் கூட்டம் சானமாவுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்தால் யாரும் ரோட்டில் நடமாட வேண்டாம் என்று வனத்துறை ஜீப் மைக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. மெயின் ரோட்டில் பஸ் இறக்கிவிட்டால் அவன் வீட்டுக்குக் காட்டோரமாக ஒரு மைல் நடை. அந்த மருந்து இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தால், மறுபடி சர்க்கரை இறங்கினால், அவனை எந்த வண்டியில், எந்த வழியாக, யார் கொண்டுவருவார்கள்?

டீக்கடையிலிருந்து திரும்பி கோஆர்டினேட்டர் அறைக்குப் போனேன். அவன் மனைவியும் அங்கேதான் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. சொன்னேன். பொரி, கடலை, பஸ், தினத்தாள், எல்லாம். நடுவில் ஒரு ஜோக்கும் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

கோஆர்டினேட்டர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து டாக்டருக்கு ஒரு வரி சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார்.

"எந்தத் தேதி சார்?"

சொன்னேன்.

"ரெண்டு டப்பாவுலயும் அப்ப எத்தனை எத்தனை இருந்துச்சு?"

சொன்னேன்.

"அன்னிலருந்து அவர் எத்தனை போட்டிருப்பாரு? நீங்க எத்தனை? ஒரு நாளாச்சும் விட்டீங்களா?"

லாட் கலந்த ஆபரேட்டரை நான் இந்த வரிசையில்தான் கேட்பேன். ஆனால் நான் கேட்கும்போது குரல் இப்படி இருக்காது. எழுதி முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "முப்பத்தொரு கேள்வி கேட்டீங்களே சார். கலக்கலாமான்னு ஒண்ணு சேத்துக் கேட்டிருக்கலாமே."

நான் அவன் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எவ்வளவு நேரம் இருக்க முடியும்? திரும்பினேன். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

"அப்படின்னா நீங்களும் அதே மாத்திரைதானே போட்டிருக்கீங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"இவரையும் குத்திப் பாருங்க மேடம்."

அவ்வளவு நேரம் என் உடம்பைப் பற்றி நான் பயப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே எல்லாம் சேர்த்து வந்தது. கண் இருட்டியது, நாற்காலியைப் பிடித்தேன். குத்திப் பார்த்தார்கள். இருநூற்று முப்பது. டீயோடு ஒரு பன்னும் சாப்பிட்டிருந்தேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், தைரியமா இருங்க" என்றார் கோஆர்டினேட்டர். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டு நான் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

என் டப்பா எண்ணையும் போட்டு, அதில் இருந்தது மருந்துதான் என்று பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். அவனை வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தை வாங்கிக் கிழித்தார். நாளை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், ஒரு மணிக்கு ஒருமுறை பாருங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அவன் என்னைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு அவன் சர்க்கரை நன்றாக இருந்தது. ஐந்து மணிக்கும் நன்றாக இருந்தது. எனக்குப் பழைய புத்தி எட்டிப் பார்த்தது: சும்மா இருந்திருக்கலாமோ, அவன் இந்நேரம் படையல் சாதம் சாப்பிட வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பானே, நான்தான் வழக்கம்போல ஊதிப் பெரிசாக்கிவிட்டேனோ. ஐந்தே முக்கால் இருக்கும். அவன் மனைவி அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது. அவர் நர்ஸைக் கூப்பிட்டார். அவன் ஏதோ சொல்ல வந்தான், நாக்கு குழறியது. நாற்பத்தொன்று. நர்ஸ் ஓடவில்லை, பதறவில்லை. பக்கத்தில் தயாராக இருந்த குளுக்கோஸை எடுத்து ஊசியில் ஏற்றினார். பத்து நிமிடத்தில் அவனுக்குப் பேச்சு தெளிந்தது.

அவன் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"இந்நேரம் பஸ் எறங்கி நடந்துகினு இருப்போம்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

அவர் மடியிலிருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்தே அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊரிலிருந்து அவன் அண்ணன். பின்னால் நிறையக் குரல்கள். ஸ்பீக்கரில் போட்டார். எனக்குக் கன்னடம் கம்பெனியில் பழகிய அளவுக்குத்தான் வரும், ஆனால் அது புரிந்தது. புது மருந்தை ஏழை ஆள் மேல் போட்டுப் பார்க்கிறார்கள், நாளைக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறோம், அந்த டாக்டரை விடக் கூடாது, கேஸ் போடலாம். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. மூன்று மாதமாக அந்தக் கடைசி சீட்டில் அவன் காதில் நான் போட்டவை. அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான், வீட்டிலிருந்து அவை ஊருக்குப் போயிருக்கின்றன.

அவன் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே சொல்லிடுங்கண்ணா" என்றார். "நான் சொன்னா ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிக் குடுத்துட்டாங்கம்பாங்க."

வாங்கினேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். படுக்கையிலிருந்து அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ்கூடக் கையில் காகிதத்தோடு நின்றிருந்தார். மறுமுனையில், "யாரு பேசறது?" என்று கேட்டார்கள்.

உட்கார்ந்துகொண்டேன். ஸ்பீக்கரிலேயே, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், டாக்டர் எதுவும் செய்யவில்லை, செய்தது நான் என்று ஆரம்பித்தேன்.